டாலரில் இருந்த கட்டடம்

பொன்னை உரசாமலே மாற்றுச் சொல்லும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. நகையை உள்ளே வைத்து மூடினால் இத்தனை பங்கு தங்கம், இத்தனை பங்கு செம்பு என்று எழுத்து ஓடுகிறது. நான் வேலை பார்த்த வங்கிக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தபோது, இப்போது நகை மதிப்பிடும் பையன் என் மோதிரத்தையே கழற்றச் சொல்லி அதைப் போட்டுக் காட்டினார். "இது இல்லாம நீங்கெல்லாம் எப்படீங்க ஓட்டுனீங்க?" என்று கேட்டார். "கண்ணை வெச்சு ஓட்டுனமுங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் அலட்டலாகப் பட்டது. பெட்டி நல்ல பெட்டிதான். நான் திணறித் திணறிச் சொன்னதை அது இமை கொட்டும் நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு டாலரை உள்ளே வைத்து, இதில் அடித்திருக்கிற கட்டடம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் பெட்டி முழிக்கும். நாங்களும் ஒரு காலத்தில் முழித்தோம். அதை எழுதிவிடலாம் என்று அன்றைக்கே தோன்றியது.

டாலர் என்றதும் அமெரிக்கக் காசை நினைக்க வேண்டாம். சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் பதக்கத்தைத்தான் நம் பக்கத்தில் டாலர் என்கிறோம். பிள்ளையார், லட்சுமி, மயில், மாங்காய் என்று எதையாவது அச்சில் அடித்திருப்பார்கள். அபூர்வமாகக் கட்டடமும் வரும்.

நான் ஆசாரிக் குடும்பம். கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் ஊதுகுழலோடும் அச்சுகளோடும் சில வருஷம் கிடந்தேன். புகையில் கண் கெட்டுவிடும் என்று அம்மா அழுத அழுகையில், ஐம்பதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளனாக வந்து உட்கார்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அன்றைக்குக் கிளையின் தலைவரை ஏஜெண்ட் என்போம். எங்கள் ஏஜெண்ட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். பருத்தி விற்ற காசு கைக்கு வருமுன் விதைக்கு வேண்டும் என்று வரும் குடியானவர்களும், பனியன் கம்பெனி ஆட்களும்தான் எங்கள் வாடிக்கை. வந்த நகையை முதலில் தராசில் போடுவேன். மேசையில் தட்டிச் சத்தம் கேட்பேன். மெல்லிய தகட்டில் அச்சடித்து உள்ளே அரக்கு நிரப்பியிருந்தால் சத்தம் மண்டையில் அடித்த மாதிரி மந்தமாக இருக்கும், அரக்கின் எடையைக் கழிக்க வேண்டும். பிறகு உரைகல்லில் ஒரு கோடு. பக்கத்தில் மாற்றுத் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். எந்தக் கோடு நிற்கிறது, எது கரைகிறது என்று பார்த்தால் தீர்ந்தது.

ஏஜெண்டுக்கு அது தீராது. நகையின் அடையாளத்தை எழுத வேண்டும், எழுதியதைப் படித்தால் நகை கண்ணில் தெரிய வேண்டும் என்பார். கைக்குட்டையில் நகையைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு நான் எழுதியதைப் படிப்பார்.

அமராவதி அணை வேலையில் இருந்த ஒரு கொத்துமேஸ்திரி கொண்டுவந்த டாலரை நான் 'ஹார்மோனியம் டாலர்' என்று எழுதினேன். கட்டை கட்டையாக வரிசையாக இருந்தது, வேறு என்ன நினைப்பேன்? ஏஜெண்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாசிச்சுப் பார்த்தீரோ?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "அது ஹார்மோனியம் இல்லீங்க. நாங்க கட்டுற டேமோட மதகுங்க. வேலை நடக்கறப்ப அங்கதான் எம் புள்ளை பொறந்தா. அதுக்கோசரம் அடிச்சதுங்க."

"ஓய், பார்த்ததை எழுதும். நினைச்சதை எழுதாதீர்" என்றார் ஏஜெண்ட். வரிசையாக நீண்ட சதுரங்கள், மேலே ஒரு பாதை என்று திருத்தி எழுதினேன். அன்றிலிருந்து கட்டடம் வைத்த டாலர் வந்தால் எனக்குக் கை பரபரக்கும். எந்த ஊர், யார் அடித்தது, ஏன் அடித்தது என்று கேட்காமல் விடமாட்டேன். அடுத்தவர் நகையில் மூக்கை நுழைக்கிற புத்தி என்று என் மனைவி சொல்லுவாள். பொய்யில்லை.

இன்னொரு நாள் சாமளாபுரத்தில் தறி வைத்திருந்த ஒருவர் பிள்ளையார் டாலர் கொண்டுவந்தார். தும்பிக்கை வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் சுழித்திருந்தது. "வலம்புரிங்க. லேசுல கெடைக்காதுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அச்சு வெட்டுகிறவன் உருவத்தை இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் தகட்டில் நேராக விழும். படத்தைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டால் தகட்டில் திரும்பிக்கொள்ளும். லட்சுமிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், மாங்காய் எந்தப் பக்கம் வளைந்தாலும் மாங்காய்தான், அதனால் குட்டு வெளிப்படாது. பிள்ளையாரிடம்தான் மாட்டிக்கொள்வார்கள். இதை ஏஜெண்டின் காதில் ஓதினேன். "பக்தியிலே கை வைக்காதீர். நீர் பார்த்தது வலம்புரிதானே, அதையே எழுதும்" என்றார். அவருடைய விதியை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் எல்லோரையும் முழிக்க வைத்தது. அறுபதாம் வருஷ வாக்கில் நடந்தது.

சபுரா பீவி என்ற அம்மாள் வந்தார். பனியன் கம்பெனியில் மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. தலைமுக்காட்டில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. பனியன் வெட்டுத்துணியில் சுற்றி ஒரு டாலர் கொண்டுவந்திருந்தார். மகள் கல்யாணத்துக்காக அடகு வைக்க வேண்டும். விற்பதில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

கல்லில் உரசினால் கோடு செவசெவ என்று விழுந்தது. நம்மூர் ஆசாரி இவ்வளவு செம்பு சேர்க்க மாட்டான். ஆனால் தட்டிப் பார்த்தால் உள்ளே அரக்கு, ஓரம் மடித்த மடிப்பும் நம் கை வேலைதான். அக்கரைக்குப் போன தமிழ் ஆசாரி அடித்தது என்று மட்டும் தெரிந்தது. அச்சில் ஒரு நீளமான கட்டடம். வரிசையாக வளைவுகள். வலப்பக்க ஓரத்தில் ஒரு கோபுரம், அதில் ஒரு வட்டம், உச்சியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கூண்டு.

"கோயிலுங்களா?" என்றேன்.

"பள்ளிவாசல்னுதானுங்க நான் நெனச்சுட்டு இருக்கறேன்" என்றார் சபுரா பீவி.

வரிசையில் நின்ற குடியானவர் எட்டிப் பார்த்து, "கோபுரமுங்க. எந்த ஊர்க் கோயில்னுதான் புடிபடலை" என்றார். எங்கள் பியூன் மாதாகோயிலுக்குப் போகிறவர். அவர் பார்த்தவுடனே, "சர்ச்சுங்க. மணிக்கூண்டு தெரியுது பாருங்க" என்றார். அவரவர்க்குத் தெரிந்த சாமி அதில் குடியிருந்தது. ஏஜெண்டும் பூதக்கண்ணாடியோடு வந்து, "ஹைகோர்ட் மாதிரி இருக்கே" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "பாரும், நானே நினைச்சதைச் சொல்றேன்" என்று சிரித்தார்.

இது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். அந்த அம்மாள் வெட்டுத்துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

கணவர் பேரை அவர் வாய் சொல்லாது. மகளின் அப்பா என்ற கணக்கில் "பாத்திமாவோட அத்தா" என்றே சொன்னார். பாத்திமா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் துணி மூட்டையோடு மலாயாவுக்குப் போனவர். தோட்டம் தோட்டமாகச் சுற்றி விற்பது. கடுதாசி ஒரு தடவை ஓர் ஊரிலிருந்து வரும், அடுத்தது வேறு ஊரிலிருந்து வரும். ஜப்பான் சண்டை வந்தது, கடுதாசி நின்றது. சண்டை முடிந்த பிறகு மலாயாவிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு திரும்பி வந்தார். இந்த டாலரைக் கொடுத்து, உன் புருஷன் புள்ளைக்குக் கொடுத்தனுப்பினார் என்றார்.

"எந்த ஊர்ல இருக்கறாருன்னு கேட்டனுங்க. ரயில் வராத டேசனுக்குப் பக்கத்துல கடை போட்டிருக்கறாருன்னாருங்க. ரயில் வராத டேசன் எங்கீங்க இருக்குது? காய்ச்சல்ல பொலம்பறாருன்னுட்டாங்க. மறுக்காக் கேக்கறதுக்குள்ள நெனவு தப்பி, ரெண்டு நாள்ல அவரும் போய்ட்டாருங்க."

பழைய கடுதாசிகளில் இருந்த ஊர்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்தார்கள். ஆள் இல்லை. அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தை மறந்துவிட்டார் என்று சொந்தக்காரர்களே பேச ஆரம்பித்தார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மகளுக்கு மாப்பிள்ளை அமைந்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் இடத்தில் வந்து நின்றது வினை. பெண்ணின் தகப்பனார் பேருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று போடுவதா, வேண்டாமா? இறந்தவருக்குப் போடுகிற சொல் அது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், உயிரோடிருக்கிறவருக்கு அப்படிப் போடுவது ஆகாது, முதலில் விசாரித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டார்கள்.

"எங்கண்ணன், போட்டுத் தொலைங்கறாரு. எங்கையால நானே அவரைச் சாவடிக்கறதுங்களா? போடாம உட்டா, இருக்கறாருன்னு யாருங்க சாட்சி?" என்றார். கண்ணில் நீர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊர் தெரிந்தால் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் விசாரிக்கலாம். ஊர் அந்த டாலரில் இருக்கிறது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

டாலர் பெட்டகத்துக்குள் போகுமுன், நகை சுற்றும் மெல்லிய ரோஸ் காகிதத்தை அதன்மேல் பரப்பிப் பென்சிலால் இலேசாகத் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டேன். ஏஜெண்ட் பார்த்தும் பாராதவர்போல இருந்தார். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மலாயா போய் வந்தவர் என்று யாரைச் சொன்னாலும் தேடிப் போனேன். வீட்டில் சாப்பாடு ஆறியது. எனக்கும் அந்த அம்மாளுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் கிடையாது. தெரியாத ஒன்று கையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

கணியூர் கவுண்டர் ஒருவர் இளவயதில் மலாயாத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். பருத்தி மண்டிக்கு வந்தவரைப் பிடித்தேன். காகிதத்தை விரித்ததும் அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"பினாங்குல இதே சாடையில ஒரு கட்டடம் இருக்குதுங்க. கப்பலை உட்டு எறங்கி வரும்போது எத்தனை தடவை பாத்திருப்பேன்! ஆனா அதுல கோபுரம் இடது கைப் பக்கமுங்க. இதுல சோத்தாங்கைப் பக்கம் இருக்குதே. இது வேறயாட்ட இருக்குதுங்க."

சரி, இல்லை போலிருக்கிறது என்று நானும் வந்துவிட்டேன். என்னைப் பார்த்து நானே தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. பட்டறையில் அச்சு வெட்டியவன் நான்!

சில நாள் கழித்துச் சாமளாபுரத்துக்காரர் அடகை மீட்க வந்தார். வலம்புரிப் பிள்ளையாரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தபோது என் பார்வை அந்தத் தும்பிக்கையில் நின்றது. படத்தைப் பார்த்து அப்படியே வெட்டினால் திரும்பிக்கொள்ளும். பிள்ளையார் திரும்புவார் என்றால் கட்டடம் திரும்பாதா? காகிதத்தை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோபுரம் இடப்பக்கம் போய் நின்றது.

அடுத்த சந்தை நாளில் மண்டிக்கு ஓடினேன். கவுண்டர் பருத்திப் பொதிமேல் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார். காகிதத்தின் முதுகை வெயிலுக்குக் காட்டிப் பிடித்தேன்.

"அட! இதேதானுங்க! அன்னைக்கி ஏனுங்க வேற படம் காட்டுனீங்க?"

"இது என்ன கட்டடமுங்க?"

"டேசனுங்க. ஆனா பாருங்க, அங்க ரயிலே வராது. பினாங்கு தீவுங்க. டிக்கெட்டை இங்க வாங்கிப்போட்டு, படகுல அக்கரைக்குப் போனாத்தான் ரயிலு. புதுசா வர்றவன் தண்டவாளத்தைத் தேடுவான், நாங்க சிரிப்போம்."

காய்ச்சலோடு வந்தவர் சொன்ன அதே ரயில் வராத டேசன்! ஏஜெண்டிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாலையில் பனியன் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சபுரா பீவியிடம் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசன் பொலம்பலீங்களா? நெசத்தைத்தான் சொன்னாருங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நல்ல வேளையாக, பனியன் வியாபாரி இப்ராகிம் ராவுத்தர் சரக்கு விஷயமாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போக இருந்தார். ரோஸ் காகிதம் அவர் பைக்குள் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையை நிறுத்தி வைத்தார்கள்.

அவர் திரும்பி வந்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மாளிடம் தனியாகச் சொல்ல அவருக்கு மனத் தைரியம் வரவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தும் வந்திருந்தார். ராவுத்தரின் கடையில் பனியன் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் சபுரா பீவி உட்கார்ந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டிருப்பார்.

ராவுத்தர் மெதுவாகச் சொன்னார். அந்த ஸ்டேஷனுக்கு எதிரே வெற்றிலை விற்கிற ஒரு கிழவருக்குப் பாத்திமாவின் அத்தா காதர் ராவுத்தரை நன்றாக ஞாபகம் இருந்தது. டாலரை வாங்கிக்கொண்டு அந்த ஆள் ஊருக்குக் கப்பலேறிய கொஞ்ச நாளிலேயே இவரும் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். பள்ளிவாசல்காரர்கள்தான் அடக்கம் செய்தார்கள். திருப்பூர்ப் பக்கம் என்று தெரியும், வீட்டு விலாசம் தெரியாது. ஊருக்குப் போன ஆள் திரும்பி வந்தால் கேட்டுச் சொல்லியனுப்பலாம் என்று இருந்தவர்கள், அவர் வராமலே போகவும் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்ராகிம் ராவுத்தர் அடக்கத்தலத்துக்குப் போய் இறந்தவருக்கான பாத்திஹா ஓதிவிட்டு வந்திருக்கிறார்.

"அந்த டாலரை அங்க ஒரு தமிழ் ஆசாரிகிட்டச் சொல்லி அடிச்சாராம். கட்டடத்தோட போட்டோவை வாங்கிக் குடுத்து, 'இதே மாதிரி அடிங்க, எங்கத்தா எங்க இருக்கறாருன்னு எம் புள்ளை பாக்கோணும்'னாராம். அந்தக் கெழவரு சொன்னாருங்க."

மனுஷன் விலாசத்தைத்தான் அனுப்பியிருக்கிறார். எங்கள் சாதிக்காரன் ஒருவன் படத்தை அப்படியே வெட்டிப்போட்டதில் அது இத்தனை வருஷம் திரும்பிக்கொண்டு நின்றிருக்கிறது.

சபுரா பீவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கூட யாராச்சும் இருந்தாங்களாங்க?"

"யாருமில்லீங்கம்மா. தனியாத்தான் இருந்திருக்கறாரு. அடுத்த கப்பலுக்கு ஊருக்கு வர்றேன்னு சொல்லிட்டே இருந்தாராம்."

அப்போதுதான் அவர் அழுதார். முக்காட்டை வாயில் வைத்து அமுக்கியும் அடங்கவில்லை. "செத்துட்டாருன்னு அழுவறதா, என்னைய மறக்கலைன்னு சந்தோசப்படறதான்னு தெரியலீங்களே" என்றார். நானும் அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

ஓய்ந்த பிறகு அவர் ஹஜ்ரத்தைக் கேட்டார். கல்யாணத்தை முடித்துவிட்டு நான் இத்தா இருக்கலாமா என்று. கணவன் இறந்தால் மனைவி வெளியே போகாமல் வீட்டில் ஒதுங்கியிருக்கிற நாலு மாதம் பத்து நாள்தான் இத்தா.

ஹஜ்ரத் தன்மையாகச் சொன்னார்: "இத்தா அவரு மவுத்தான நாள்ல இருந்தே கணக்கும்மா. உங்களுக்குத் தெரியாட்டியும் அது எப்பவோ முடிஞ்சுருச்சு. இப்ப உங்க மேல கடமை ஒண்ணுமில்லை. பத்திரிகையில மர்ஹூம்னு போட்டுப்போட்டு நல்லபடியா நிக்காஹை முடிங்க."

சபுரா பீவி எழுந்து நின்றார்.

"கணக்கு சரிதானுங்க, ஹஜ்ரத். ஊருக்கு அவரு எப்பவோ போய்ட்டாரு. எனக்கு இன்னைக்கித்தானுங்களே போறாரு."

மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைத்த மறுநாள், அந்த அம்மாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தார். கம்பெனியிலிருந்து மடிக்கிற பனியனை வீட்டுக்கே அனுப்பினார்கள்.